இரண்டு விரற்கடை

பிர்னோ நகரின் கிழக்கு மேட்டில்
கான்கிரீட் பலகைகளைச் சீட்டுக்கட்டுபோல் நிறுத்திய
அடுக்ககத்தின் ஐந்தாம் தளம்.
நவம்பர். பனியாவதா மழையாகவே இருப்பதா என்று
வானம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

ராதிம் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும்
ஒரு டிஷ்யூ தாள் விரித்திருந்தான்.
நேற்று மாலையிலிருந்து
தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்.
எல்லாம் மொரமொரவென்று காய்ந்திருக்கின்றன.
கசிவில்லை.

ஆனால் பம்ப்
வாயில் கூழாங்கல்லை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறது.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும்
ஒரு காகிதக் கிளிப் சேர்த்து வைத்திருக்கிறது.
கணினிக்கு இன்னும் உயிரில்லை,
ரத்தம் மட்டும் ஓடுகிறது.

குறைகுடம் தளும்பும் என்பது சரிதான்.
இவன் குறை வைக்கவில்லையே!
காய்ச்சி வடித்த நீர், ஒரு லிட்டருக்கும் மேல்,
புனல் வைத்து, நூல் பிடித்தாற்போல் ஊற்றினான்.
இருந்தும் ரேடியேட்டரின் ஏதோ ஒரு மடிப்பில்
அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறது
ஒரு மிடறு காற்று.

நிறுத்தினான். ஓட்டினான். நிறுத்தினான்.
குழாயைப் பிசைந்தான்.
பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கி
அடியில் ஒரு சமையல் புத்தகம் வைத்தான்.
குமிழிகள் கூட்டமாகக் கிளம்பி
முதல் வளைவு வரை போய்
மனம் மாறித் திரும்பின.

இரவு ஒன்றே கால்.
சுவரில் மூன்று தட்டு.
பிறகு அழைப்புமணி.

பக்கத்து வீட்டு வெந்துலா.
காலுறையோடு நின்றாள்,
கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை கழற்றாமல்.
‘உள்ளே என்ன, சிமென்ட் கலக்கிறாயா?’

பதிலாகக் கதவை அகலத் திறந்தான்.

அவள் விளக்குகளைப் பார்க்கவில்லை,
கண்ணாடிப் பக்கத்தைப் பார்க்கவில்லை,
விலை கேட்கவில்லை.
குழாயின் முன் குந்தி உட்கார்ந்து
‘காற்று’ என்றாள்,
தெரிந்த எதிரியின் பெயரைச் சொல்வதுபோல்.

டயாலிசிஸ் பிரிவில் நாளெல்லாம்
அவள் துரத்துவது இதைத்தான்.
‘எங்களிடம் இதில் பாதி போதும்,
இயந்திரம் அலறிக்கொண்டே குழாயைக் கவ்விக்கொள்ளும்.
நீ ஏன் விடாமல் ஓட்டுகிறாய்?
இத்தனை வேகத்தில் அது எப்படி மேலே வரும்?
நிறுத்து. ஏற விடு.’

நிறுத்தினான்.
மூடியைத் திறந்து வைத்தான்.
ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து
முப்பது கிலோவைச் சாய்த்தார்கள்.
முன்னால். இடப்பக்கம். இன்னும் கொஞ்சம்.
கைகள் நடுங்கின.
ஒரு கையை விடுவித்து அவள்
நகத்தின் முதுகால் ரேடியேட்டரைச் சுண்டினாள்,
ஒரு தடவை, நாலு தடவை.

களுக்.

ஒரு பிளம் பழத்தின் அளவில்
உருண்டு புரண்டு ஏறி வந்து
தொட்டியின் மேற்பரப்பில்
உடைந்தது.
இவ்வளவு தொல்லை கொடுத்தது
போகும்போது சத்தமே போடவில்லை.

நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது.

ராதிம் பதறி மண்டியிட்டு
தாள் தாளாகத் தொட்டான்.
காய்ந்தது. காய்ந்தது. இதுவும் காய்ந்தது.
‘தண்ணீர் எங்கே போயிற்று?’

‘எங்கும் போகவில்லை.
அந்த இடத்தில் தண்ணீரே இல்லை இவ்வளவு நேரமும்.
நிரம்பியிருப்பதாக நீ நினைத்துக்கொண்டாய்.’

அதற்குப் பிறகு இருவரும்
சற்று நேரம் பேசவில்லை.

மீதித் தண்ணீரை ஊற்றினான்.
பம்பைப் போட்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.
குளிர்பெட்டியின் முனகல் கேட்டது,
ஜன்னலில் மழை,
கீழே எங்கோ யாரோ இருமியது.
‘ஓடுகிறதா?’

வெந்துலா இரண்டு விரலைக் குழாயின்மேல் வைத்தாள்,
ஊசி ஏற்றுமுன்
நோயாளியின் கையில் அதிர்வு பார்க்கும் பழக்கத்தில்.
கண்ணை மூடினாள்.

‘ஓடுகிறது.’

வாசல் வரை போனவள் திரும்பி,
‘உன் நாற்காலியும்தான்.
தினமும் பதினோரு மணிக்கு மேல் இழுக்கிறாய்,’
சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொட்டியின் விளிம்பில்
கடுகளவில் ஏழெட்டுக் குமிழிகள்
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.
அவை போக ஒரு வாரம் ஆகும்.

ராதிம் நாற்காலியைத்
தூக்கி நகர்த்தினான்.